அப்பாவின் மெலிவுச் சூரணம்

திருச்சி ஜங்ஷனின் முதல் பிளாட்பாரத்தில், பழக்கடையை ஒட்டி, எடை பார்க்கும் மிஷின் ஒன்று நின்றது. ஏறி நின்று காசைப் போட்டால் கண்ணாடிக்குள் வண்ண விளக்குகள் சுழலும். பிறகு டக்கென்று ஒரு சின்ன அட்டை விழும். அட்டையின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஒரு வரி ஜோசியம். அப்பா எப்போதும் ஜோசியத்தைத்தான் படிப்பார். நல்லதாக இருந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சுமாராக இருந்தால், "இது எனக்கு முன்னாடி ஏறினவனோடது, மாறி விழுந்துடுச்சு" என்பார். அந்த வருடம் பொங்கல் கழிந்த பிறகுதான் அட்டையைத் திருப்பி எடையைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா நீராவி இன்ஜின் டிரைவர். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம் வழியாக விழுப்புரம் போகும் பாசஞ்சர் வண்டி அவருடையது. அவருடையது என்றுதான் வீட்டில் சொல்வோம். நல்ல உயரம், அதற்கு மேல் நல்ல பருமன். அவர் ஏறினால் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று ஃபயர்மேன்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு அப்பாவே முதலில் சிரிப்பார்.

நாங்கள் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். பார்மஸி படிப்பை முடித்துவிட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரியின் டிஸ்பென்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. மிக்ஸ்சர் கலப்பது, பொடிகளை எடை போட்டுப் பொட்டலம் கட்டுவது, ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது, இவைதான் என் வேலை. அப்பா தெருவில் எல்லோரிடமும், "என் பொண்ணு மருந்து படிச்சவ" என்பார். தலைவலி என்று யாராவது சொன்னால் போதும், என்னைக் கூப்பிட்டுவிடுவார். தன்னுடைய தலைவலிக்கு மட்டும் கூப்பிடமாட்டார்.

ரயில்வேயில் இன்ஜின் மேல் ஏறுகிறவர்களுக்கு அவ்வப்போது மெடிக்கல் உண்டு. கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள். அப்பாவின் கண்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்னலை எல்லோருக்கும் முன்பாகப் பார்த்துவிடுவார். அதனால் மெடிக்கலைப் பற்றி அவர் கவலைப்பட்டதே கிடையாது. அந்த வருடம் புதிதாக வந்திருந்த டாக்டர் கண்ணோடு நிறுத்தவில்லை. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எடை மிஷினில் ஏற்றினார். பிறகு மூன்று மாதம் தவணை கொடுத்தார்.

"உடம்பையும் குறைக்கணும், பிரஷரையும் குறைக்கணுமாம். இல்லன்னா இன்ஜின்ல ஏத்த மாட்டாராம். ஷெட்ல ஏதாவது வேலை போட்டுத் தருவாங்களாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அம்மா ஆறுதலாக, "ஷெட்டுன்னா நல்லதுதானே? தினம் வீட்டுக்கு வந்துடலாம்" என்றாள்.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "பதினேழு வயசுல அந்த ஷெட்டுலதான் இன்ஜினைத் துடைக்க ஆரம்பிச்சேன். துடைச்ச இடத்துக்கே திரும்பப் போகச் சொல்றாங்க" என்றார். இன்ஜின் துடைப்பதிலிருந்து கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஆகி, அதிலிருந்து டிரைவர் ஆக அவருக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கவலை வந்தால் பட்டியல் போடுவேன். அன்றும் போட்டேன். ஒன்று, சோறு பாதி. இரண்டு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. மூன்று, ஸ்டேஷன் பலகாரம் கூடாது. நான்கு, ஷெட்டுக்குச் சைக்கிளில் போகாமல் நடந்து போவது. ஐந்து, வாரம் ஒரு தடவை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பிரஷர் பார்த்துக்கொள்வது. அப்பா மரியாதையாக வாங்கி, "சரிம்மா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை மறுநாள் சலவைக்குப் போனது.

பிறகு தவக்காலம் வந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது. அம்மா ஒரு வேளை மட்டும் சாப்பிடுவாள். அப்பாவுக்கு மட்டும் விலக்கு. நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்கிறவர் நோன்பு இருக்க வேண்டியதில்லை என்று பங்குச் சாமியாரே எப்போதோ சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அப்பா வருடா வருடம் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார். அந்த வருடம் அவராகவே கறி வேண்டாம் என்றார். சோற்றைக் குறைத்தார். இட்லியை எண்ணிச் சாப்பிட்டார்.

அம்மாவுக்குக் கண் கலங்கியது. "இத்தனை வருஷம் நான் மன்றாடினது வீண் போகல. அவர் மனசை ஆண்டவர் தொட்டுட்டார்" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாள்.

எடை அட்டைகள் மாதா படத்தின் சட்டத்துக்குப் பின்னால் சேரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மோதிரம் விரலில் தளர்ந்து சுற்றுவதை அப்பா எல்லோருக்கும் காட்டினார். பெல்ட்டில் ஆணியால் புதிதாகத் துளை போட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர்கூடக் குறைந்திருந்தது.

ஆனால் வேறு சிலவும் கண்ணில் பட்டன. இராத்திரி வண்டியை ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்று எழுந்து உட்காருவார். படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் போதாமல், பானையிலேயே மொண்டு குடிப்பார். கொல்லைப் பக்கம் அடிக்கடி போனார். கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது. இளைக்கிறவர்களின் முகம் இப்படி இருப்பதில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களின் முகம்தான் இப்படி இருக்கும்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"சாப்பிடாமதானேம்மா இளைக்கிறேன்? சாப்பிடுறியான்னு கேக்குறியே" என்று சிரித்தார்.

"மருந்து ஏதாவது?"

"உனக்குத் தெரியாம நான் என்ன மருந்து சாப்பிடப்போறேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் காலை டிஸ்பென்சரி ஜன்னலில் வரிசை குறைந்த நேரத்தில், அப்பாவின் ஃபயர்மேன் வந்து நின்றார். பல வருடமாக அப்பாவுடன் ஒரே இன்ஜினில் வேலை செய்கிறவர். கரித்தூள் படிந்த நீலச் சட்டையோடு வந்திருந்தார்.

"என்னண்ணே, கையைச் சுட்டுக்கிட்டீங்களா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. அய்யா விஷயம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. என்னைத் தூக்கி ஃபயர்பாக்ஸ்ல போட்டுருவார்."

"சொல்லுங்க."

"நேத்து திரும்பி வர்றப்ப ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்தினாரு பாருங்க, பூ மாதிரி நிறுத்தினாரு. நிறுத்திட்டு இறங்கினவரு பெஞ்சில உக்காந்துட்டாரு. எந்திரிக்க முடியல. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. கார்டு பச்சைக் கொடியைக் காட்டிக்கிட்டே நிக்கிறாரு. நான் ஓடிப்போய் சோடா வாங்கியாந்து உப்புப் போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு ஏறிட்டாரு. 'வெயில்டா'ங்கிறாரு. இந்த மனுசனுக்கு வெயிலா? இருபது வருசமா நெருப்புக்கு முன்னாடி நிக்கிறவருக்கு?"

கேட்டுக்கொண்டிருந்தபோது, மருந்து அளக்கும் கிளாஸை நான் கையில் பிடித்தபடியே நின்றது நினைவிருக்கிறது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு முன்னால் கொள்ளிடம் பாலம். வண்டி நிறைய ஆட்கள். மயக்கம் சில நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தேன். ஃபயர்மேனும் அதைத்தான் நினைத்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"லைன் பெட்டியில ஒரு டப்பா வெச்சிருக்காரு தங்கச்சி. அதுல ஒரு பொடி. காலைல ஒரு ஸ்பூன், சாயந்தரம் ஒரு ஸ்பூன். வெந்நீர்ல கலக்கிக் குடிக்கிறாரு. ஸ்ரீரங்கத்துல வாங்கினதாம். கொஞ்சம் எடுத்தாந்திருக்கேன்." சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளில் மடித்திருந்ததை ஜன்னல் வழியாக நீட்டினார். லைன் பெட்டி என்பது டிரைவர்கள் வண்டியில் கொண்டுபோகும் தகரப்பெட்டி. அப்பாவின் மாற்றுத் துணி, சாப்பாடு, ஜெபமாலை எல்லாம் அதில்தான் இருக்கும். அம்மாவும் நானும் அதைத் திறப்பதில்லை.

பொடி பழுப்புப் பச்சை. முகர்ந்தால் பழைய தேயிலை மணம். நாக்கில் வைத்தால் முதலில் துவர்ப்பு, பிறகு குமட்டும் கசப்பு. சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரி லேபில் அனுமதி கேட்டு, படிக்கும்போது செய்த சோதனையைச் செய்தேன். பொடியை அமிலத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டி, பென்சீனோடு குலுக்கி, அந்தப் பென்சீனில் அம்மோனியாவை விட்டேன். குழாயின் அடியில் நின்ற அம்மோனியா ரோஜா நிறமாக மாறியது. அழகான நிறம். பரீட்சையில் இந்த நிறம் வந்தபோது சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். மைக்ராஸ்கோப்பின் கீழ் இலையின் சின்னச் சின்ன ரோமங்களும் தெரிந்தன. நிலாவாரை. பொடியில் பெரும்பகுதி அதுதான்.

நிலாவாரை கெட்ட பொருள் இல்லை. எங்கள் டிஸ்பென்சரியிலேயே ஜாடி நிறைய இருந்தது. மலச்சிக்கலுக்கு ஓரிரு இராத்திரி கொடுப்போம். வாரக்கணக்கில், தினம் இரண்டு வேளை யாருக்கும் கொடுக்கமாட்டோம். பேதி ஆகும்போது தண்ணீர் போகும். தண்ணீரோடு உடம்புக்கு வேண்டிய உப்புகளும் போகும். காலில் பிடிப்பு வரும், தலை சுற்றும், நாடி தடுமாறும். கொழுப்பு மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் விற்றவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பொடியில் நான் கண்டுபிடிக்காத வேறு ஏதாவது இருக்கலாம். வேலை முடிந்ததும் மெயின்கார்டு கேட்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் ஒரு சின்னக் கடை. துளசி மாலை, ஊதுபத்தி, சந்தனம், ஒரு ஓரத்தில் சூரண டப்பாக்கள். டப்பாவின் மேல் இரண்டு படம்: இடது பக்கம் தொந்தி வைத்த மனிதர், வலது பக்கம் ஒல்லியான மனிதர். இரண்டு பேருக்கும் ஒரே மீசை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் இடது பக்கத்துப் படத்தைப் போலவே இருந்தார்.

"வாங்கோம்மா. மெலிவுச் சூரணமா? யாருக்கு? உங்களுக்கு எதுக்கு, காத்தடிச்சாலே பறந்துடுவேள் போலிருக்கே."

"எங்கப்பாவுக்கு."

"பேஷா குடுங்கோ. ஒரு மண்டலம் சாப்பிட்டா உடம்பு கரைஞ்சு ஓடிடும்."

"ஓடிடும்னா, எங்க போகும்?"

அவர் யோசித்தார். "எங்கேன்னா... அதான் தெரிஞ்ச விஷயமாச்சே. கொல்லைப் பக்கம்தான்."

"இதுல என்னென்ன சேர்த்திருக்காங்க?"

"கொள்ளு, கடுக்காய், நிலாவாரை. இன்னும் ரெண்டொண்ணு. அதெல்லாம் தயார் பண்றவாளுக்குத்தான் தெரியும். அவா வெளியூர். நான் விக்கறவன்."

"யாருக்குக் குடுக்கக் கூடாது?"

"கூடாதுன்னு ஒண்ணும் கிடையாதும்மா. சுத்தமான பச்சிலை. யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

"மாசமா இருக்கிறவங்களுக்கு?"

"பெருமாளே! அவாளுக்குப் போய்க் குடுப்பாளா யாராவது?"

"அப்ப கூடாதவங்க இருக்காங்க. கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிறவங்களுக்கு? வயசானவங்களுக்கு? நாள் பூரா நெருப்புக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கு?"

"நெருப்புன்னா, சமைக்கற பரிசாரகாளா?"

"இன்ஜின் டிரைவர்."

அவர் முகம் மாறியது. "நல்ல உயரமா, சிரிச்சுண்டே பேசுவாரே, அவரா உங்கப்பா? ரெண்டு டப்பா வாங்கிண்டு போனார். ரயில் ஓட்டறவர்னு சொல்லவே இல்லையே அவர்."

"நீங்க கேக்கலையே."

"நான் எதைக் கேக்கறது? பருமனா இருக்கார், இளைக்கணும்கறார், குடுத்தேன்." குரல் இறங்கியது. "அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"

நடந்ததைச் சொன்னேன். பிறகு, "நீங்க இதைச் சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாள் சாப்பிட்டேம்மா. கல்லாவுல உக்கார முடியலை. விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கிளம்பும்போது கூடவே வாசல் வரை வந்து, "உடனே நிறுத்தச் சொல்லுங்கோ. மோர்ல உப்பைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது, மருந்துக்கு இரண்டு விவரம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்: யாருக்கு எவ்வளவு, யாருக்குக் கூடாது. இரண்டும் தெரியாமல் கைமாறினால் அது எந்தச் செடியிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ஓய்வு. பூசை முடிந்து வந்ததும் அம்மா கோவில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கப் போய்விட்டாள். அப்பா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து, டப்பாவைப் பற்றித் தெரியும் என்று சொன்னேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

"அது மருந்து இல்லம்மா. பச்சிலைப் பொடி. நீ மருந்தான்னு கேட்டே, இல்லேன்னேன்."

"எதுக்குப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேண்டாம்பே." நாரை இழுத்துக்கொண்டே பேசினார். "இதோ பார், பாய்லர் இருக்கு. தண்ணி கொதிச்சுக் கொதிச்சு அடியில சேறு தங்கிடும். என்ன பண்ணுவோம்? ப்ளோ டவுன் வால்வைத் திறந்து விடுவோம். சேறெல்லாம் அடிச்சுக்கிட்டு வெளியே போயிடும். பாய்லர் சுத்தமாயிடும், இன்ஜின் லேசா இழுக்கும். அந்த மாதிரிதான் இதுவும். இத்தனை வருஷத்துச் சேறு உள்ள இருக்கு. போக வேண்டாமா?"

படித்தவளுக்குப் பதில் சொல்வதற்காக அவர் இதை முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. அந்த யோசனையில் எனக்கு அவர் மேல் பிரியம்தான் பெருகியது. நிலாவாரை, உப்பு, நாடி என்று நான் தயார் செய்துகொண்டு வந்த எதையும் சொல்லவில்லை. அவருடைய பாய்லருக்குள்ளேயே போனேன்.

"ப்ளோ டவுன் பண்ணா சேறு மட்டும்தான் போகுமாப்பா?"

"தண்ணியும் சேர்ந்துதான் போகும்."

"போனா?"

"இன்ஜெக்டரைப் போட்டுத் தண்ணி ஏத்திக்குவோம்."

"எவ்வளவு போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"கேஜ் கிளாஸ் எதுக்கு இருக்கு?" பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. டிரைவரின் கண் எப்போதும் அதன் மேல் இருக்கும் என்று சின்ன வயதில் அவரே எனக்குக் காட்டியிருக்கிறார்.

"காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, தினம் ப்ளோ டவுன் பண்ணி, தண்ணியைச் சரியா ஏத்தாம, கீழ நெருப்பையும் போட்டுக்கிட்டே போனா?"

அவர் கை நின்றது.

"அப்படிப் போறவன் டிரைவரே இல்ல" என்றார் மெதுவாக. "தண்ணி இறங்கிட்டா ஃபயர்பாக்ஸ் தலை காஞ்சுடும். எச்சரிக்கைக்கு வெச்ச ஈய பிளக் உருகி ஊத்தும். அதுவும் தப்பினா பாய்லரே..."

"உங்களுக்குக் கேஜ் கிளாஸ் இல்லப்பா. கெண்டைக்கால் புடிக்குது பாருங்க, கண்ணு குழி விழுந்திருக்கு பாருங்க, அதுதான் கேஜ் கிளாஸ். ஸ்ரீரங்கத்துல பெஞ்சில உக்காந்தீங்களே, அது ஈய பிளக்."

கையிலிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப மிஷின் காட்டின எடை?" என்றார்.

"நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சுப் பார்ப்போம்பா. நானும் வரேன்."

எழுந்து போய் லைன் பெட்டியைத் திறந்து, டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அடுத்த இரண்டு நாள் லீவு போட்டார். அவர் தானாக லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் முக்காடு நழுவ அப்படியே நின்றாள். "ஆண்டவருக்காக நோன்பு இருக்கீங்கன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். டப்பாவுக்காகவா இருந்தீங்க?" என்றாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, உப்புப் போட்ட கஞ்சியைக் காய்ச்சி, ஒவ்வொரு டம்ளராகக் குடிக்க வைத்தாள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்தார்; நாடி சீராகும்வரை கஞ்சி, மோர், எலுமிச்சைச் சாறு என்றார். சில நாள் அப்பாவுக்கு வயிறு அடைத்துக்கொண்டது. பேதிக்குப் பழகிய குடல் சில நாள் தானாக வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். அவர்தான், "இப்ப இதுக்கு என்ன சொல்றே டாக்டரம்மா?" என்று முறைத்தார்.

ஒரு வாரம் கழித்து இரண்டு பேரும் ஜங்ஷனுக்குப் போனோம். அப்பா மிஷினில் ஏறி நின்றார். விளக்குகள் சுழன்றன. அட்டை விழுந்தது. குறைந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது.

அன்று அவர் ஜோசியத்தைப் படிக்கவில்லை. அட்டையை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, "இத்தனை நாளும் நான் வெறும் தண்ணியையா குறைச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார்.

"பாதி தண்ணிப்பா. மீதி நிஜமாவே குறைஞ்சிருக்கு. அது நீங்க சோத்தைக் குறைச்சதால."

அதுவரை பெரிய குரலிலேயே பேசிக் கேட்டிருந்த அப்பா, பிளாட்பாரத்துச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்காதபடி, "நாள் போதாதேம்மா" என்றார். மெடிக்கலுக்கு மிச்சமிருந்த நாட்கள் அந்த அட்டையை விடச் சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சரக்கு வண்டி கடந்து போகும்வரை அப்படியே நின்றோம்.

என் பழைய பட்டியலை மறுபடி எழுதிக் கொடுக்க நினைத்தேன். எழுதவில்லை. அப்பாவே தாளை எடுத்து உட்கார்ந்தார். அவர் போட்டது ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருந்தது. லால்குடி, நிற்காது. அரியலூர், மோர் மட்டும். விருத்தாசலம், வீட்டுச் சாப்பாடு, அரைப்பங்கு. விழுப்புரம், டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமிலிருந்து பஜார் வரை நடந்து திரும்புவது. போண்டா கடைப் பக்கம் போகக் கூடாது. லால்குடி வடை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டி அங்கே நிற்கத்தான் நிற்கும். அவர் வாய்க்கு மட்டும்தான் அங்கே ஸ்டாப்பிங் இல்லை.

ஃபயர்மேன் அண்ணன் அதற்குக் காவல். வடைக்காரர் இன்ஜின் பக்கம் வந்தாலே, "அய்யா, சிக்னல் சிவப்பு!" என்று கத்துவாராம். "எவன்டா உன்னை ஸ்டேஷன் மாஸ்டரா போட்டது?" என்று அப்பா திட்டுவாராம். டப்பாவைக் காட்டிக்கொடுத்தது அவர்தான் என்று அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். கடைசிவரை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஃபயர்பாக்ஸிலும் தூக்கிப் போடவில்லை.

இறங்குவது மெதுவாகத்தான் இருந்தது. சில வாரம் அட்டையில் எண் மாறவே மாறாது. அந்த வாரங்களில் அப்பா ஜோசியத்தைச் சத்தமாகப் படிப்பார். ஈஸ்டர் அன்று அம்மா ஆட்டுக்கறி சமைத்தாள். இரண்டு துண்டு போதும் என்றார். மூன்றாவது துண்டை அம்மாவே போட்டாள்.

ஈஸ்டர் முடிந்து மெடிக்கல். நான் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் உள்ளே பேசியது கேட்டது.

"எடை குறைஞ்சிருக்கு. பிரஷரும் குறைஞ்சிருக்கு. நான் சொன்ன அளவுக்கு இல்ல" என்றார் டாக்டர். "ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று சொன்னால் கேள்வி அதோடு முடிந்துவிடும். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை.

"ஒரு பச்சிலைப் பொடி சாப்பிட்டேன் சார். மருந்துன்னு நினைக்கல. தினம் பேதியாச்சு. ஒரு தடவை வண்டியை நிறுத்தின பிறகு தலை சுத்தி உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் விட்டுட்டேன். என் பொண்ணு நிறுத்தச் சொன்னா. அவ மருந்து படிச்சவ."

பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது அப்பா முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"மூணு மாசம் ஷண்டிங்" என்றார். யார்டுக்குள்ளேயே பெட்டிகளை இழுத்து மாற்றும் சின்ன இன்ஜின் அது. "அப்புறம் மறுபடியும் பார்ப்பாராம்."

"சொல்லாம இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பாரோ என்னவோ" என்றேன். அவருக்காக மனம் கனத்ததால் வந்துவிட்டது.

"பண்ணியிருப்பார்" என்றார். "எனக்குப் பின்னாடி எத்தனை பெட்டி வருது பாப்பா? அதுல இருக்கிற யாருக்கும் கேஜ் கிளாஸைப் பார்க்கத் தெரியாது. நான்தான் பார்க்கணும்." பிறகு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, நடந்துதான் வந்தோம் என்று நினைவு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "ஷண்டிங்னாலும் அதுவும் இன்ஜின்தான், துடைக்கிற வேலை இல்ல" என்றார்.

யார்டு வேலையில் அவர் தினம் வீட்டுக்கு வந்தார். தினம் அம்மாவோடு ஜெபமாலை சொன்னார். தினம் இராத்திரி ஏழு மணிக்கு, கடந்து போகும் தன் வண்டியின் சத்தத்தைக் கேட்டு, யார் ஓட்டுகிறார் என்று சொன்னார். "அவன் ஸ்டீம் ரெகுலேட்டரை இழுக்கிற இழுப்பைப் பாரு, மாட்டு வண்டி மாதிரி" என்பார். அந்த மாதங்களில் அட்டை இறங்கிக்கொண்டே வந்தது, ஒவ்வொரு எண்ணாக. இந்தத் தடவை இறங்கியது திரும்பி ஏறவில்லை.

அடுத்த மெடிக்கலில் டாக்டர் அவரை லைனுக்கு விட்டார்.

முதல் நாள் நான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் போய் நின்றேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சு எது என்று எனக்குத் தெரியாது. எல்லா பெஞ்சையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. ஃபயர்மேன் அண்ணன் சொன்னது உண்மைதான், பூ மாதிரிதான் நிறுத்தினார். ஜன்னலில் சாய்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்ததும் ஆச்சரியத்தை மறைத்துக்கொண்டு, டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பது போல முறைத்தார். லைன் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். அதே டப்பா, அதே இரண்டு மீசை. திறந்தால் வறுத்த கடலை.

"டப்பா நல்ல டப்பா" என்றார்.

கார்டு விசில் ஊதினார். அப்பா உள்ளே திரும்பி, எப்போதும் செய்வதுபோல் கேஜ் கிளாஸைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கி, நான் பார்க்கும்படி ஒரு தடவை ஆட்டிக் காட்டினார். அது நிறைந்து, வாயில் தளும்பிக்கொண்டிருந்தது.